பழைய சிபி பேஸ் செட்டின் காது மந்தமானால் எங்கே கை வைப்பது?

உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 1970-களைச் சேர்ந்த 23 சேனல் வால்வு பேஸ் செட் ஒன்று, அதாவது வீட்டில் வைத்துப் பேசும் சிபி (27 மெகாஹெர்ட்ஸ் பொதுமக்கள் அலைவரிசை) ரேடியோ, கைக்கு வந்திருக்கிறது. நீங்கள் பேசுவது எதிர்முனையில் இருப்பவருக்குத் தெளிவாகப் போகிறது. அவர் பேசுவதுதான் உங்களுக்கு மங்கலாக வருகிறது, சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டர் முள்ளும் அசைய மறுக்கிறது. முன்னால் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் ஒன்றை வைக்கலாமா, இல்லை முதல் வால்வுக்குப் பதிலாக இரைச்சல் குறைந்த வேறொன்றைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுமே இப்போது வேண்டாம். அந்தக் காலத்து நல்ல பேஸ் செட்கள் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோதே அரை மைக்ரோவோல்ட் சிக்னலைப் பிடிக்கும் திறனோடுதான் வந்தன. ஐம்பது வருடத்தில் அது இழந்ததை மீட்டுக் கொடுத்தால் போதும், புதிதாக எதையும் சேர்க்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. நான் பார்த்த செட்களில் மாற்றியமைத்தே கெடுக்கப்பட்டவை, தானாகக் கெட்டவற்றைவிட அதிகம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ப்ரீஆம்ப் ஏன் உதவாது என்று கேட்பீர்கள். 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஆன்டெனா வழியாக உள்ளே வரும் இரைச்சல், ரிசீவர் தானாக உண்டாக்கும் இரைச்சலைவிட மிகப் பெரியது. மின்சாரமே இல்லாத வெட்டவெளியில் நின்றாலும் பால்வெளி மண்டலத்திலிருந்து வரும் இரைச்சல், வெப்ப இரைச்சலின் அளவுக்கு மேல் ஏறத்தாழ 19 டெசிபல் இருக்கும். வீடுகள் நெருங்கிய இடத்தில் அது 30 டெசிபலைத் தாண்டிவிடும். ரிசீவரின் சொந்த இரைச்சல் 10 டெசிபல் இருந்தாலும் அந்தப் பெரிய இரைச்சலுக்குள் அது காணாமல் போய்விடும். ப்ரீஆம்ப் வைத்தால் சிக்னலும் வெளி இரைச்சலும் சேர்ந்தே உயரும். முள் அழகாக மேலே போகும், குரல் முன்பு போலவே புதைந்து கிடக்கும்.

உங்கள் செட் உண்மையிலேயே மந்தமா என்று பார்க்க ஐந்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைக்கும் குமிழ்) முழுதாகத் திறந்து, ஆர்எஃப் கெயினை (ரிசீவரின் பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) கடைசிவரை வைத்து, இரைச்சல் குறைக்கும் சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கரின் இரு முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். ஆன்டெனா இருக்கும் இடத்தில் முதலில் 50 ஓம் டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் ரெசிஸ்டர்) போட்டு, யாரும் பேசாத சேனலில் இரைச்சலின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆன்டெனாவை மாட்டுங்கள். இரைச்சல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ தாவினால் ரிசீவரின் காதில் குறையில்லை, உங்கள் சண்டை வெளி இரைச்சலோடு. இரண்டு அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தால் செட் உண்மையிலேயே மந்தம்தான்.

நீங்கள் சொன்னதிலேயே இன்னொரு தடயமும் இருக்கிறது. நீங்கள் பேசுவது அவருக்கு நன்றாகப் போகிறது என்றால், இருவரும் ஒரே அளவு பவரில் பேசும்வரை, ஆன்டெனாவையும் கேபிளையும் சந்தேகிக்கத் தேவையில்லை. கேபிளில் தண்ணீர் இறங்கி சிக்னல் கரைந்தால் போகும்போதும் கரையும், வரும்போதும் அதே அளவு கரையும். வெளி இரைச்சலும் காரணமில்லாமல் ஒருபக்கம் மட்டும் கெட்டுப்போகிறது என்றால் கோளாறு, இரண்டு பாதையும் பிரியும் இடத்துக்கு அப்பால் ரிசீவர் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பிரியும் இடம்தான் ரிலே.

வால்வு பேஸ் செட்களில் நான் முதலில் திறந்து பார்ப்பது அந்த ரிலேயைத்தான். பேசும்போது ஆன்டெனாவை டிரான்ஸ்மிட்டருக்கும், விட்டதும் ரிசீவருக்கும் மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி அது. டிரான்ஸ்மிட் பக்கத்துத் தொடுமுனை வழியாக வாட் கணக்கில் பவர் போகிறது. அந்த ஓட்டமே மெல்லிய கறைப் படலத்தை உடைத்துக்கொண்டு போய்விடும். ரிசீவ் பக்கத்துத் தொடுமுனையில் போவதோ மைக்ரோவோல்ட். படலத்தை உடைக்க அதற்குத் தெம்பு கிடையாது. வருடக்கணக்கில் அந்த முனை கறுத்துப்போய், பார்வைக்குத் தொட்டுக்கொண்டிருப்பதுபோலத் தெரிந்தாலும் சிக்னலை விடாமல் நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் உண்டு. மெல்லிய குரல் ஒன்று வந்துகொண்டிருக்கும்போது மைக் பட்டனை ஒருமுறை அழுத்தி விடுங்கள். உடனே குரல் ஓங்கி வந்து, சில நிமிடத்தில் மறுபடி அமிழ்ந்தால் ரிலேதான் குற்றவாளி. செட்டை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, பவர் சப்ளை கண்டென்சர்களை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, வழவழப்பான தடித்த தாளில் ஒரு கீற்றை வெட்டி, கான்டாக்ட் கிளீனரில் நனைத்துத் தொடுமுனைகளுக்கு நடுவே விட்டு, ரிலேயை விரலால் மெல்ல அழுத்தியபடி இழுங்கள். முதல் இழுப்பில் தாளில் கரிக்கோடு விழும். கோடு விழுவது நிற்கும்வரை புதுக் கீற்று எடுத்து எடுத்து இழுக்க வேண்டும். உப்புத்தாள், அரம் எதுவும் வேண்டாம். மேலே இருக்கும் வெள்ளிப் பூச்சு போய்விட்டால் அடுத்த வருடம் இன்னும் மோசமாகும். ஒரு செட்டில் மற்றவர்கள் இரண்டு வால்வையும் ஒரு காயிலையும் மாற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்கள். நான்கு கீற்றுத் தாளில் அது சரியாயிற்று.

ப்ரௌனிங் கோல்டன் ஈகிள் மாதிரி ரிசீவரும் டிரான்ஸ்மிட்டரும் தனித்தனிப் பெட்டியாக வரும் செட்டாக இருந்தால், இரண்டையும் இணைக்கும் சின்ன கேபிளையும் அதன் பிளக்குகளையும் சேர்த்துப் பாருங்கள்.

உள்ளே கை வைக்கும் முன் பாதுகாப்பு. வால்வுகளுக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் பி பிளஸ் கோட்டில் 250 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கண்டென்சரில் தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை நன்றாக மின்காப்பு உறையிட்ட கம்பியில் கட்டி, அதைக் கொண்டு டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே விரலை விடுங்கள். ரொம்ப நாள் கிடந்த செட்டாக இருந்தால் நேராக மெயினில் மாட்ட வேண்டாம், சீரீஸ் பல்பு (மெயினோடு தொடராக மாட்டிய பல்பு) வழியாக முதலில் உயிர் கொடுங்கள். மெயின் கம்பியிலிருந்து சேசிஸுக்குப் போகும் பழைய பேப்பர் கண்டென்சர் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, அந்த வேலைக்கென்றே வரும் ஒய் வகைப் பாதுகாப்புக் கண்டென்சரைப் போடுங்கள். பழையது ஷார்ட் ஆனால் சேசிஸே மின்சாரத்தில் நிற்கும்.

அடுத்தது வோல்டேஜ். சர்வீஸ் மேனுவலில் ஒவ்வொரு வால்வின் பின்னுக்கும் வோல்டேஜ் அட்டவணை இருக்கும். அதை எந்த மீட்டரால் அளந்தார்கள் என்றும் ஓரத்தில் எழுதியிருக்கும். பெரும்பாலும் வால்வு வோல்ட்மீட்டர், அதாவது 11 மெகாஓம். உங்கள் டிஜிட்டல் மீட்டர் 10 மெகாஓம் என்பதால் நேராக ஒப்பிடலாம். மேனுவல் வோல்ட்டுக்கு 20 கிலோ ஓம் மீட்டரைச் சொன்னால் அதிக ரெசிஸ்டன்ஸ் உள்ள இடங்களில் உங்களுக்குச் சற்று அதிகமாகக் காட்டும், பதற வேண்டாம்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஆர்எஃப் வால்விலும் (ஆன்டெனா சிக்னலை முதலில் பெருக்குவது) ஐஎஃப் வால்வுகளிலும் (இடைநிலை அதிர்வெண்ணில் பெருக்குபவை) ஸ்கிரீன் என்ற மின்முனையின் வோல்டேஜ். அந்தக் காலத்துக் கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆகக் கூடுதல் பக்கமே நகரும். 47 கிலோ ஓம் என்று வண்ணக்கோடு சொல்லும், மீட்டர் 65 காட்டும். ஸ்கிரீனுக்குப் போகும் வோல்டேஜ் விழும், அந்த வால்வின் கெயினும் கூடவே விழும். இப்படி மூன்று கட்டத்தில் ஒவ்வொன்றிலும் 4 டெசிபல் போனால் மொத்தம் 12 டெசிபல், அதாவது இரண்டு எஸ் யூனிட். எந்தப் பாகமும் செத்திருக்காது, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். பழைய செட்களின் மந்தம் பெரும்பாலும் இந்த ரகம்தான். ரெசிஸ்டர் சரியாக இருந்தும் ஸ்கிரீன் வோல்டேஜ் குறைவென்றால் அதன் பைபாஸ் கண்டென்சர் கசிகிறது.

எஸ் மீட்டர் அசைய மறுக்கிறது என்றீர்கள் அல்லவா? அதற்குத் தனிக் காரணம் இருக்கலாம். ஏஜிசி (சிக்னல் வலுவானால் கெயினைத் தானாகக் குறைக்கும் அமைப்பு) கோடு மெகாஓம் ரெசிஸ்டர்கள் வழியாக ஓடும் நெகட்டிவ் வோல்டேஜ். அதிலுள்ள பழைய பேப்பர் கண்டென்சர் லேசாகக் கசிந்தாலே அந்த வோல்டேஜ் பாதியாகிவிடும். அப்போது முள் சோம்பும், பக்கத்தில் இருக்கும் வலுவான ஸ்டேஷன் கரகரவென்று உடைந்து கேட்கும். இரண்டும் சேர்ந்து இருந்தால் அந்தக் கண்டென்சரை மாற்றுங்கள். பேப்பர் கண்டென்சர்களை நான் சோதித்துக்கொண்டிருப்பதில்லை, பார்த்ததும் ஃபிலிம் வகைக்கு மாற்றிவிடுகிறேன். செராமிக்கையும் மைக்காவையும் காரணமில்லாமல் தொடுவதில்லை, ஒரே ஒரு விதிவிலக்கைத் தவிர.

அந்த விதிவிலக்கு 455 கிலோஹெர்ட்ஸ் ஐஎஃப் கேன்களுக்குள் (காயில்களை மூடிய உலோகக் கூடுகள்) இருக்கிறது. சில கேன்களின் அடியில் ஒரே மைக்காத் தகட்டில் இரண்டு கண்டென்சர்களையும் வெள்ளிப் பூச்சாகப் போட்டிருப்பார்கள். ஒருபக்கம் பி பிளஸ், மறுபக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம். வருடங்கள் போகப்போக வெள்ளி அந்த இடைவெளியில் வேர்விட்டு ஊர்ந்து போகும். தொலைவில் இடி முழங்குவதுபோல விட்டுவிட்டுப் படபடவென்று சத்தம் வரும், ஆன்டெனாவைக் கழற்றினாலும் நிற்காது. கேனைக் கழற்றித் திறந்து பார்த்தால் மைக்காவில் கறுப்பு இழைகள் கண்ணுக்கே தெரியும். தகட்டை இணைப்பிலிருந்து விடுவித்துவிட்டு, ஒவ்வொரு சுருளுக்கும் வெளியே தனி மைக்காக் கண்டென்சரைப் போட வேண்டும். ஸ்லக் (சுருளுக்குள் திருகும் ஃபெரைட் கரு) தன் பயணத்தின் நடுவில் நிற்கும்போது 455-ல் உச்சம் வரும் மதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் கிரிஸ்டல்களைப் பற்றி ஒன்று. 23 சேனல் செட்களில் பெரும்பாலானவை ஒரு வரிசையில் ஆறு, இன்னொரு வரிசையில் நான்கு கிரிஸ்டல்களைக் கலந்து சேனல்களை உண்டாக்குகின்றன. அதனால் மந்தம் எல்லாச் சேனலிலும் இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். 5 முதல் 8 வரை மட்டும் மந்தம் என்றால் ஆறு வரிசையில் ஒன்று பலவீனம். 1, 5, 9, 13 என்று நான்குக்கு ஒன்று தடுமாறினால் நான்கு வரிசையில் ஒன்று. சேனல் சுவிட்சின் அழுக்கும் இதே வடிவத்தைக் காட்டும் என்பதால் முதலில் அதைக் கழுவிவிடுங்கள்.

சரி, இப்போது அலைன்மென்ட், அதாவது காயில்களைச் சரியான அதிர்வெண்ணுக்குத் திருகி வைப்பது. இதை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கெட்ட பாகங்களோடு அலைன் செய்தால் அந்தக் கோளாறுக்கு ஏற்றபடி காயில்களைத் திருகி வைத்தவர்களாவோம், பாகத்தை மாற்றியதும் எல்லாம் மறுபடி விலகும்.

செட்டை அரை மணி நேரம் சூடாக விடுங்கள். ஸ்லக்கின் ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தும் பிளாஸ்டிக் கருவி வேண்டும். இரும்பு ஸ்க்ரூடிரைவர் காயிலுக்குள் போனாலே ட்யூனிங் மாறும், எடுத்தால் திரும்பும். தவிர ஃபெரைட் ஸ்லக் சட்டென்று விரிசல் விட்டு உள்ளேயே இறுகிவிடும். மெழுகு வைத்து அடைத்திருந்தால் வலுக்கட்டாயமாகத் திருகாமல், ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டிப் பொறுமையாக அசையுங்கள். ஒவ்வொரு ஸ்லக்கும் இப்போது எந்தத் திசையில் நிற்கிறது என்று பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், திரும்பி வர வழி இருக்கட்டும்.

சிக்னல் ஜெனரேட்டர் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. டைனிஎஸ்ஏ என்ற சின்ன ஸ்பெக்ட்ரம் அனலைசரை ஜெனரேட்டராகவும் மாற்றலாம், குறைந்தபட்சம் மைனஸ் 76 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு) வரை இறங்கும். அதன் பின்னால் 30 டெசிபல் அட்டென்யுவேட்டர் போட்டால் மைனஸ் 106, கிட்டத்தட்ட 1 மைக்ரோவோல்ட். இன்னும் 6 டெசிபல் சேர்த்தால் அரை மைக்ரோவோல்ட்டுக்கு அருகே வந்துவிடும். 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் 30 சதவீத மாடுலேஷன் வைத்து, ஸ்பீக்கரில் ஏசி வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே திருகுங்கள். ஐஎஃப் கட்டங்களைப் பின்னாலிருந்து முன்னால், பிறகு மிக்ஸர் (வரும் சிக்னலை ஐஎஃப் அதிர்வெண்ணுக்கு மாற்றும் கட்டம்) காயில், கடைசியாக ஆன்டெனா காயில். ஒரு கேனில் இரண்டு இடத்தில் உச்சம் வந்தால் பெரும்பாலும் ஸ்லக் வெளிப்பக்கம் நிற்கும் உச்சமே சரியானது.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று. ஒவ்வொரு காயில் சரியாக ஆக, வெளியீடு கூடிக்கொண்டே போகும். அப்போது ஜெனரேட்டரைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வலுவான சிக்னலில் ஏஜிசி விழித்துக்கொண்டு கெயினை அமுக்கும், உச்சம் தட்டையாகிவிடும், எங்கே நிறுத்துவது என்றே தெரியாது. இரைச்சல் லேசாகக் காதில் கேட்கும் அளவுக்குச் சிக்னலை எப்போதும் மெலிதாக வைத்துக்கொண்டால் உச்சம் ஊசிமுனைபோல வரும்.

முன் காயில்களை எந்தச் சேனலில் வைப்பது? பேண்டின் நடுவில். 23 சேனல் செட் 26.965 முதல் 27.255 மெகாஹெர்ட்ஸ் வரை போவதால் 27.115-ல் இருக்கும் சேனல் 13 பொருத்தம். அமெரிக்காவில் 1977 ஜனவரி முதல் வந்த 40 சேனல் செட்கள் 27.405 வரை போகின்றன. அவற்றில் சேனல் 19 சரியாக நடுவில் வருகிறது.

முடித்ததும் அளந்து பாருங்கள். அரை மைக்ரோவோல்ட்டில் மாடுலேஷனோடு ஸ்பீக்கரில் எவ்வளவு, மாடுலேஷனை அணைத்தால் எவ்வளவு என்று குறியுங்கள். மூன்றில் ஒரு பங்காக இறங்கினால் 10 டெசிபல், அந்தக் காலத்து நல்ல செட்டின் கணக்கு அதுதான். அங்கே வந்துவிட்டால் சென்சிட்டிவிட்டிக்காக இனி ஒரு ஸ்க்ரூவையும் தொட வேண்டாம்.

இதற்கு மேல் நன்றாகக் கேட்க வேண்டுமென்றால் வேலை செட்டுக்கு வெளியே இருக்கிறது. வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் சின்ன ஏஎம் ரேடியோவோடு சுற்றி வாருங்கள். மறுபடி மின்சாரத்தைப் போட்டு ஒவ்வொரு சர்க்யூட்டாக உயிர் கொடுத்தால் கத்துவது எது என்று தெரிந்துவிடும். சார்ஜர், எல்இடி விளக்கின் டிரைவர், சோலார் இன்வெர்ட்டர் இவைதான் வழக்கமாக மாட்டும். கேபிளின் வெளிக்கவசம் வழியாக இரைச்சல் ஏறுவதைத் தடுக்க, மிக்ஸ் 31 வகை ஃபெரைட் வளையத்தில் கோஆக்ஸ் கேபிளைச் சில சுற்றுச் சுற்றுங்கள். இதனால் இரைச்சல் 6 டெசிபல் இறங்கினால், தொலைவில் இருப்பவர் தன் பவரை நான்கு மடங்காக்கியதற்குச் சமம்.

பக்கத்துச் சேனல் கசிந்து வருவதுதான் தொல்லை என்றால் அது வேறு விஷயம். அங்கே கெயினைக் கூட்டுவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது போல. சேனல்களுக்கு இடையே பெரும்பாலும் 10 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. வால்வு செட்டின் ஐஎஃப் கேன்கள் நல்ல அலைன்மென்டில் இருந்தாலும் ஓரங்கள் சரிவாகத்தான் இறங்கும். செராமிக் ஃபில்டர் உள்ள டிரான்சிஸ்டர் செட்டில் இதற்கு நல்ல வழி உண்டு. முராட்டா நிறுவனத்தின் 455 வரிசையில் கடைசி எழுத்து அகலத்தைச் சொல்கிறது: ஈ என்றால் இருபுறமும் 7.5 கிலோஹெர்ட்ஸ், எஃப் 6, ஜி 4.5, எச் 3, ஐ 2. எச் வகை ஏஎம் குரலுக்குப் போதும். ஐ போட்டால் குரல் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும், எனக்குப் பிடிக்கவில்லை. எதைப் போட்டாலும் இருபக்க இம்பிடன்ஸைப் பொருத்திப் பாருங்கள், பொருந்தாத ஃபில்டர் நடுவில் பள்ளம் விழுந்து குரலைத் திரிக்கும்.

துடிப்பு இரைச்சலை வெட்டும் நாய்ஸ் பிளாங்கர் உள்ள செட்டில் அதன் காயிலையும் யாராவது திருகியிருக்கக்கூடும். பிளாங்கர் குறுகலான ஐஎஃப் ஃபில்டருக்கு முன்னாலேயே துடிப்பைப் பிடித்து அந்த நொடித்துளியை வெட்ட வேண்டும், ஃபில்டரைத் தாண்டினால் கூர்மையான துடிப்பு நீண்டு பரவிவிடும். அதனால் அதன் காயிலை மேனுவல் சொல்லும் டெஸ்ட் பாயின்டில் டிசி வோல்டேஜைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். காதால் கேட்டு வைத்தால் சரிவராது.

ப்ரீஆம்பைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மிக்ஸரில் இரண்டு வலுவான ஸ்டேஷன்கள் மோதி இல்லாத ஸ்டேஷன்களை உண்டாக்கும். இந்த மூன்றாம் வரிசைப் பிசிறு, உள்ளே போகும் சிக்னல் 10 டெசிபல் கூடினால் 30 டெசிபல் கூடும். சூரியனின் 11 வருடச் சுழற்சி உச்சத்தில் இருக்கும்போது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி ஸ்டேஷன்கள் கொட்டுமே, அப்போது இதை நேரிலேயே கேட்கலாம். அந்த மாலைகளில் நான் ஆன்டெனாவுக்கும் செட்டுக்கும் நடுவே 10 டெசிபல் அட்டென்யுவேட்டர் மாட்டிவிடுகிறேன். கேட்க வேண்டிய குரல் 10 டெசிபல் இறங்கும், பிசிறு 30 டெசிபல் இறங்கும், பேண்ட் துடைத்துவிட்டதுபோல ஆகிவிடும்.

முதலில் டம்மி லோடு சோதனையையும் மைக் பட்டன் சோதனையையும் செய்து, ஸ்பீக்கரில் வந்த இரண்டு அளவுகளையும் எழுதுங்கள். செட்டின் மாடல் எண்ணையும் சேர்த்துச் சொன்னால், எந்தக் காயிலில் ஆரம்பிப்பது என்று குறிப்பாகச் சொல்கிறேன்.